துண்டு தராத ஆஸ்பத்திரி

காப்புறுதி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை பேச வரச் சொன்னீர்கள். மேடையும் மைக்கும் எனக்குப் பழக்கமில்லை. பேச வராது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது. பிழை கிடந்தால் திருத்தி வாசியுங்கள்.

என்னைக் கேட்க வந்த பிள்ளை போகும்போது வாசல் படலையடியில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். "அரசாங்கம் வைத்தியத்திலை புதுசா ஏதோ கொண்டுவரப் போகுதாம் அம்மா. எல்லாத்தையும் அவையே குடுத்தால் பிறகு எங்களிட்டை ஆர் வருவினம்?"

எனக்குப் பதில் எப்போதும் ஆள் போன பிறகுதான் வரும். அன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதே பயத்தில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன்.

அது ஐம்பதுகளில். கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய சனம் நாங்கள். எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். என் வீட்டுக்காரருக்கு ஆனையிறவு உப்பளத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவார். கொழும்பு இன்சூரன்ஸ் கொம்பனி ஒன்றின் ஏஜென்ட் ஒருவர் எங்கள் பக்கம் சைக்கிளில் வந்து போவார். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

அவருக்கு ஒரு இடைஞ்சல் இருந்தது. பகலில் ஆம்பிளைகள் வயலில் நிற்பார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று "அவர் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் முட்டை விற்ற காசும் மோர் விற்ற காசும் அந்தப் பெண்களின் கையில்தான் இருந்தது. ஒருநாள் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, என்னைப் படலையோடை விட்டிடுவினம். உன்னைக் குசினிக்குள்ளை விடுவினம். எனக்காகப் போய்க் கதை."

"எனக்குக் கதைக்க வராது மாஸ்டர்."

"நல்லது. கனக்கக் கதைக்கிறவையை இஞ்சை ஒருத்தரும் நம்பிறேல்லை."

அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் ஒன்றும் சொல்ல மாட்டேன். குசினியில் குந்தியிருந்து கீரை இருந்தால் ஆய்ந்து கொடுப்பேன், வெங்காயம் இருந்தால் உரித்துக் கொடுப்பேன். வாய் ஓடாதவளுக்குக் கையாவது ஓட வேண்டும். வீட்டுக்காரி தானாக "என்ன விசயமா வந்தனி?" என்று கேட்கும்போது சொல்லத் தொடங்குவேன்.

கொம்பனி இரண்டு காப்பு வைத்திருந்தது. ஒன்று உயிருக்கு, மற்றது நோய்க்கு. எங்கள் சனம் அதற்குத் தங்கள் பெயரை வைத்துவிட்டது: சாவுக் காசு, வருத்தக் காசு. வருத்தக் காசு எப்படி என்றால், நோய் வந்து ஆஸ்பத்திரியிலோ டொக்டரிடமோ காசு கட்டினால், கட்டியதற்கான ரசீதுத் துண்டைக் கொண்டுவந்து தர வேண்டும். அந்தத் துண்டைப் பார்த்துக் கொம்பனி காசு தரும். துண்டில்லாவிட்டால் காசில்லை. இதை நான் வீடு வீடாகச் சொன்னேன். ஒவ்வொரு பெண்ணுக்கும் மந்திரம் போலப் பாடமாகிவிட்டது.

நான் சேர்த்த முதல் வீடு பூரணம் அக்காவின் வீடு. அவருடைய கணவர் வைத்தி அண்ணை பொல்லாத பகிடிக்காரர். என் தலை படலையில் தெரிந்தால் போதும்.

"பூரணம், பேசாத இன்சூரன்ஸ் வருகுது, கதிரையை எடுத்துப் போடு. இந்தப் பிள்ளை வாய் திறந்து சொல்லி முடிக்கிறதுக்கிடையிலை நான் செத்துப் போவன். வாற காசிலை கோழிக்கூட்டுக்குத் தகரம் போட்டிடு."

"தகரம் போட நீங்கள் சாகத் தேவையில்லை. எழும்பி ஒரு வேலை செய்தால் போதும்" என்பார் பூரணம் அக்கா அடுப்படியிலிருந்து.

எனக்கு முகம் சிவந்து போகும். ஆனால் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க மாட்டேன்.

இப்படி இருக்கும்போது அரசாங்கம் ஆஸ்பத்திரிகளில் காசு வாங்குவதை நிறுத்திவிட்டது. எங்கள் பக்கத்திலும் ரயில் ஸ்டேசனுக்குப் போகிற தெருவில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி கட்டித் திறந்தார்கள். சின்னதுதான். டொக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கிற ஒரு அப்போதிக்கரி ஐயா, இரண்டு நேர்ஸ்மார், ஒரு அம்புலன்ஸ். சுண்ணாம்பு மணம் மாறாத சுவர். மருந்தும் படுக்கையும் சும்மா.

மாஸ்டர் யோசித்தது, இனி வருத்தக் காசு கட்டுகிற சனம் எல்லாம் நின்றுவிடும் என்று. நானும் அப்படித்தான் பயந்தேன். நடந்தது வேறு. சனம் நிற்கவில்லை, தொடர்ந்து கட்டியது. ஆனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவில்லை.

சும்மா கொடுக்கிற மருந்து சும்மாதான் இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அது சின்னக் காரணம். பெரிய காரணம் துண்டு. சும்மா ஆஸ்பத்திரியில் காசு கட்டின துண்டு ஏது? துண்டில்லாவிட்டால் வருத்தக் காசு வராது. இவ்வளவு காலம் கட்டியது வீணாகிவிடும். ஆகையால் காய்ச்சல் வந்தாலும் கை வெட்டுப்பட்டாலும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்க் காசுக்குப் பார்க்கிற டொக்டரைத் தேடினார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காப்பில் சேர்ந்த சனம். கொடுத்தது திரும்பி வராமல் போவதை அவர்களால் தாங்க முடியாது.

மாஸ்டரிடம் சொன்னேன். "அது அவையின்ரை விருப்பம் பிள்ளை. நாங்கள் போகாதேங்கோ எண்டு சொல்லேல்லையே" என்றார். ஓம், நாங்கள் சொல்லவில்லைத்தான். ஆனால் எனக்கு அந்தத் தெருவால் நடக்கும்போது ஆஸ்பத்திரியைப் பார்க்க ஒரு மாதிரியாக இருக்கும்.

நெல் கதிர் வெளியே வராமல் உள்ளே அடங்கி நிற்கும் குடலைப் பருவத்தில் நின்ற நேரம். காலையில் குடையையும் பையையும் தூக்கிக்கொண்டு அந்தத் தெருவால் வருகிறேன். எதிரே ஒரு மாட்டு வண்டி விரைவாக வந்தது. பூரணம் அக்காவின் தம்பி மணியம் ஓட்டிக்கொண்டு வந்தான். பின்னால் வைக்கோலின் மேல் வைத்தி அண்ணை காலை மடக்கிக்கொண்டு கிடந்தார். பக்கத்தில் பூரணம் அக்கா.

"விலத்தி நில் பிள்ளை, ரயிலைப் பிடிக்கோணும்" என்றார் பூரணம் அக்கா.

"அண்ணைக்கு என்ன?"

"முந்தநாள் தொடக்கம் வயித்துக்குத்து. இப்ப நிமிரவும் ஏலாதாம். யாழ்ப்பாணத்திலை காசுக்குப் பாக்கிற டொக்டரிட்டைக் கொண்டு போறம்."

"அக்கா, ஆஸ்பத்திரி இந்தா கிடக்கு."

"அங்கை துண்டு தருவினமோ?"

"தரமாட்டினம்."

"பிறகென்ன கதை? பிள்ளையளுக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுக்காமல் கட்டினனான். உன்ரை கொம்பனி சும்மா வைச்சுத் தின்னவோ? மணியம், நீ மாட்டை விடு."

நான் வைத்தி அண்ணையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு வைத்தியம் தெரியாது. அந்த மனிதரின் வாயைத் தெரியும். பாம்பு கடித்துக் கால் வீங்கிக் கிடந்தபோதும் என்னைப் பகிடி பண்ணின வாய் அது. இன்றைக்கு நான் முன்னால் நிற்கிறேன், அவர் பேசாமல் கிடக்கிறார். ரயில் வந்து, ஏறி, யாழ்ப்பாணம் போய், டொக்டரைத் தேடும்வரை இந்த ஆள் தாங்க மாட்டார் என்று எனக்குப் பட்டது. அது பிழையாகவும் இருக்கலாம். மறித்து இறக்கி, ரயிலும் போய், ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியாமல் போனால் பழி முழுக்க என் தலையில்தான். நிதானமாக யோசிக்க நேரம் இருக்கவில்லை.

நான் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன்.

"விடடி கயித்தை" என்றார் பூரணம் அக்கா.

"விடமாட்டன்."

"உனக்கென்ன விசரே?"

"அக்கா, இதிலை இறக்கினால் வருத்தக் காசு ஒரு சதமும் வராது. வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். கட்டினது கட்டினதுதான். ஆனா அண்ணையை இதிலைதான் இறக்கோணும்."

"ஆளுக்கு ஏதும் நடந்தால் நீ வந்து பதில் சொல்லுவியோ?"

"ஓம். என்ரை வீடு உங்களுக்குத் தெரியும். நான் எங்கையும் ஓடமாட்டன்."

மணியம் திரும்பித் தமக்கையைப் பார்த்தான். "அக்கா, உவ இவ்வளவு கதைச்சு நான் ஒருநாளும் கேக்கேல்லை" என்றான். அது பகிடி இல்லை. அவனுக்கும் பயம் பிடித்துவிட்டது. தெற்குப் பக்கம் ரயில் கூவுகிற சத்தம் கேட்டது. பூரணம் அக்கா கணவரின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "திருப்பு."

அப்போதிக்கரி ஐயா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நேரே பின்னால் போய், சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்புலன்ஸ் சாரதியைக் கை கழுவவும் விடாமல் எழுப்பிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நோய் எவ்வளவு பெரியது என்று எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்துப் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். பூரணம் அக்கா ஏறும்போது திரும்பிக் கேட்டார்.

"அங்கையும் துண்டு தராயினமோ? ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டோ?"

"கேளுங்கோ அக்கா" என்றேன்.

அம்புலன்ஸ் ஆனையிறவால் போனதை உப்பளத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் பார்த்திருக்கிறார். அதில் போனது யார் என்று ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். "நீயோ கயித்தைப் பிடிச்சனி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

வைத்தி அண்ணை உயிர் தப்பினார், அறுவைச் சிகிச்சை செய்துவிட்டார்கள் என்று பிறகு மணியம் வந்து சொன்னான். இதோடு கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள் பிள்ளைகளே. எங்கள் தொழிலுக்கு வேண்டிய பகுதி இனித்தான்.

பூரணத்துக்கு வருத்தக் காசு கிடையாதாம் என்ற செய்தி குடியேற்றம் முழுக்கப் பரவியது. அந்தக் கிழமையே மாஸ்டர் வந்தார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

"கொம்பனியிலையிருந்து சொல்லி அனுப்பியிருக்கினம். சும்மா ஆஸ்பத்திரிக்கு எதிராக ஒண்டும் கதைக்க வேண்டாமாம். அதைப்போல, அங்கை போனால் காசு வராது எண்டும் நாங்களாகச் சொல்ல வேண்டாமாம். கேட்டால் மட்டும் சொல்லட்டாம். பேசாமல் இருக்கிறது உனக்குச் சுகம்தானே பிள்ளை."

பேசாமல் இருப்பதற்கு என்னை விடப் பொருத்தமான ஆள் கொம்பனிக்குக் கிடைக்காது. நாள் முழுக்கப் பேசாமல் இருக்கச் சொன்னாலும் இருப்பேன். ஆனால் பேசாதே என்று அவர்கள் சொன்ன அன்றைக்குத்தான் எனக்குப் பேச வேண்டும் என்று வந்தது.

"நான் வீடு வீடாய்ப் போய்ச் சொல்லப் போறன் மாஸ்டர். வருத்தமெண்டால் முதலிலை ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அதுக்கு எங்கடை காசு தேவையில்லை எண்டு."

"பாதிப்பேர் நிண்டிடுவினம்."

"நிக்கட்டும். துண்டுக்காக ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போக வேண்டாம்."

"உண்மைக்குக் கமிசன் இல்லைப் பிள்ளை."

"தெரியும் மாஸ்டர்."

அவர் சைக்கிள் மணியைச் சும்மா ஒருமுறை தட்டினார். பிறகு, "வாய்க்காலுக்குக் கிழக்கை உள்ள வீடுகளை நீ பார். மேற்கை நான் பாக்கிறன். கெடுகிறதெண்டால் ரெண்டு பேருமாய்க் கெடுவம்" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

வீடு வீடாகச் சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பேசியது அந்த நாட்களில்தான். ஒருத்தி சிரித்தாள். "கடைக்காரி தன்ரை சாமானை வாங்க வேண்டாம் எண்டு சொல்லுறதை இண்டைக்குத்தான் காணுறன்." இன்னொருத்தி, "அப்ப இவ்வளவு நாளும் எங்களைப் பேய்க்காட்டினியோ?" என்று கேட்டாள். நான் குந்தியிருந்து அவளுடைய மிளகாயைக் காம்பு நீக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் அதே வீட்டுக்குப் போனேன்.

மாஸ்டர் சொன்னபடி பாதிப்பேர் வருத்தக் காசை விட்டார்கள். சாவுக் காசை விட்டவர்கள் குறைவு. மற்றப் பக்கங்களிலும் சனம் மெல்ல மெல்ல நின்றுவிட, அங்கே வேலை செய்த ஏஜென்டுகள் பலர் தொழிலை விட்டுப் போனார்கள். ஒருவர் தேத்தண்ணிக் கடை போட்டார். எங்கள் வருமானம் ஒடுங்கிப் போனது. நான் நாற்று நடவும் களை பிடுங்கவும் போனேன். ஆனால் அந்தத் தெருவால் நடக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் சனம் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு போவேன்.

வைத்தி அண்ணையைத் திரும்பக் கூட்டி வந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளே படுத்திருந்தார். பூரணம் அக்கா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார். இரு என்று சொல்லவில்லை. நானாக இருந்தேன்.

"ஒரு சதம் கேக்கேல்லை அங்கை" என்றார் பூரணம் அக்கா கடைசியில். "அறுத்தது, மருந்து, சாப்பாடு எல்லாம் சும்மா. வரேக்கை ஒரு துண்டு தந்தவை. காசு கட்டினதுக்கில்லை. இந்த ஆள் இவ்வளவு நாள் இஞ்சை படுத்தவர் எண்டு எழுதின துண்டு. இதுக்கு உன்ரை கொம்பனி ஏதும் தருமோ?"

"இல்லை அக்கா."

"வயல் அரைவாசி காய்ஞ்சு எரிஞ்சு போச்சு. பாத்தனியோ?"

பார்த்திருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஒவ்வொரு வயலுக்கும் முறை வைத்து வரும். முறை வரும்போது ஆள் நின்று வரம்பை வெட்டி விட வேண்டும். தவறினால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். மணியம் யாழ்ப்பாணத்துக்கும் இங்கேயுமாக ஓடித் திரிந்த நாட்களில் வைத்தி அண்ணையின் முறை வந்து போய்விட்டது. அடுத்த வயல்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் சொல்லாமல் இன்னொருவனின் வரம்பில் மண்வெட்டி வைப்பது எங்களிடம் இல்லை. நல்லதற்கு வெட்டினாலும் அது வெட்டுக்குத்தில்தான் போய் முடியும். குடலை நெல் தண்ணீர் இல்லாமல் காய்ந்தது.

"வயலுக்கு ஏதும் தருமோ?"

"இல்லை அக்கா."

அம்மிக்குழவி நின்றது. "மருந்து இப்ப சும்மா. ஆள் கட்டிலிலை கிடக்கேக்கை வயலுக்கு ஒரு கூலி ஆளைப் பிடிச்சு விடத்தான் என்ரை கையிலை காசில்லை. உன்ரை கொம்பனி காசு குடுக்கிறது ஆருக்கு? வருத்தக்காரனுக்கோ, வருத்தக்காரனிட்டைக் காசு வாங்கிற டொக்டருக்கோ?"

அந்தக் கேள்வியை ஒரு சொல் மாற்றாமல் கொண்டுபோய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் அதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டார். பிறகு, "இதை நான் கொழும்புக்குக் கொண்டு போறன்" என்றார்.

கொண்டு போனார். முடியாது என்று அனுப்பினார்கள். எல்லோரும் பொய்யாக ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பார்கள் என்று சொன்னார்களாம். குடலை நெல்லை விட்டுவிட்டு எந்தக் கமக்காரன் சும்மா போய்ப் படுப்பான்? மாஸ்டர் சைக்கிளில் வரும்போதெல்லாம் நான் ஒன்றுதான் கேட்பேன். "அந்த விசயம் என்னாச்சு மாஸ்டர்?" வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வண்டி கட்டிப் போகும் கூட்டத்திலும் அவரைக் கண்டால் அதைத்தான் கேட்பேன். "உனக்குக் கதைக்கத் தெரியாது எண்டு எனக்கு ஆர் சொன்னது?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டார். நீதான் சொன்னாய் என்று அவரே சொல்லிச் சிரித்தார். மறுபடியும் கொழும்புக்கு ரயிலேறினார்.

கடைசியில் எங்கள் குடியேற்றத்தில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று கொம்பனி விட்டது. காசு கட்டின துண்டு தேவையில்லை. எந்த ஆஸ்பத்திரியானாலும், சும்மா ஆஸ்பத்திரியானாலும், ஆள் படுத்திருந்த துண்டு போதும். படுத்த நாளுக்கு, வயலில் நிற்க ஒரு கூலி ஆளைப் பிடிக்கிற அளவு காசு. பிறகு அரசாங்கம் காப்புறுதித் தொழிலையே தன் கைக்கு எடுத்தபோது எங்களைப் போன்றவர்கள் பலர் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். எனக்கு அந்த அளவு பயம் வரவில்லை. எந்தக் கொம்பனி என்று பார்த்து எங்கள் சனம் கட்டவில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

படலையடியில் கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். அரசாங்கம் தெருவில் ஒரு பள்ளத்தை மூடினால், அதற்கு மேல் நின்றுகொண்டு பலகை விற்காதே. அது மூடப்பட்டுவிட்டது, பயமில்லாமல் நட என்று நீயே முதலில் சனத்துக்குச் சொல். பிறகு அவர்களோடு நடந்து போ. அடுத்த பள்ளம் எங்கே என்று விழுந்தவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் கேட்க வெட்கப்படாதே. வெட்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு உனக்குத் தெரியாது.

புதுக் காப்பைச் சொல்ல நான் முதல் போனது பூரணம் அக்காவின் வீட்டுக்குத்தான். வைத்தி அண்ணை முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். வழக்கமான பகிடி வரப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோழிக்கூட்டில் புதுத் தகரம் மின்னியது.

அவர் மண்வெட்டியை ஓரமாக வைத்தார். கதிரையைத் தானே எடுத்து வந்து போட்டார்.

"இரு பிள்ளை" என்றார். "ஆறுதலாய்ச் சொல்லு. எனக்கு நேரம் கிடக்கு."